மாஸ்க்கா, ஹைஃப்ளோவா? மூச்சுக்குக் கை கொடுத்த கருவிகளின் கதை



முதலில் ஒரு டிஸ்கி. நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். மருத்துவம் தெரியாது. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் வைத்தியம் பார்க்கக் கிளம்ப வேண்டாம். இது ஒரு வரலாற்றுக் கட்டுரை, அவ்வளவுதான். கொஞ்சம் நீளம் வேறு. டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் பெரியப்பா வேங்கிக்காலில் வேலூர் ரோட்டுப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் முதல் ஸ்கூல் பசங்கள் வரை அவரிடம் காற்று அடிக்காதவர்கள் குறைவு. 2021 மே மாதம் அவருக்குக் கொரோனா வந்து நிமோனியாவில் முடிந்தது. சேச்சுரேஷன் 82. ஆஸ்பத்திரியில் முகத்தை மூடிய மாஸ்க் ஒன்றை இறுக்கிக் கட்டி மெஷினில் இணைத்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று இரண்டு முறை அதைப் பிடுங்கிப் போட்டார். நான்காம் நாள் தொண்டையில் டியூப். அப்பாதான் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நாள் பெரியப்பா இல்லை.

பெரியம்மா இன்றைக்கும் ஒரு கேள்வியை விடவில்லை. "பக்கத்து பெட்ல மூக்குல மட்டும் குழாய் வச்ச மெஷின் இருந்துச்சே, ஹைஃப்ளோன்னு சொன்னாங்களே, அதைக் கேட்டு வாங்கியிருந்தா அவர் பிழைச்சிருப்பார் இல்ல?" இந்தக் கேள்வி வந்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அவர் கேட்டு வாங்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது.

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறதா என்று பார்க்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது இருநூறு வருஷக் கதையாக விரிந்துவிட்டது.

துருத்தியில் தொடங்கிய கதை

மூச்சு நின்றவருக்கு வெளியிலிருந்து காற்று கொடுக்கலாம் என்ற யோசனை பழசு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், தண்ணீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்ற இங்கிலாந்தில் துருத்தியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரியேதான். 1820களில் லெராய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மிருகங்களிடம் சோதித்துப் பார்த்து, வேகமாகத் துருத்தியை அமுக்கினால் நுரையீரல் கிழிந்தே போகும் என்று காட்டினார். துருத்திக்கு மவுசு போய்விட்டது.

இந்த லெராயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று உயிர் கொடுக்கும், அளவு மீறினால் அதே காற்று கிழிக்கும். பெரியப்பா டியூபுக்குக் காற்று அடிக்கும்போது கையால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். இந்தக் கதை முழுக்க வரும் பிரச்சினை அதுதான்.

உள்ளே தள்ளினால் ஆபத்து என்றால், வெளியிலிருந்து இழுத்தால் என்ன? 1928இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பிலிப் டிரிங்கரும் லூயி அகாசி ஷாவும் இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும். பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரியும், மூச்சு தானாக உள்ளே போகும். உலகம் 'இரும்பு நுரையீரல்' என்று சொன்னது இதைத்தான். இதற்கு உயிர் கொடுத்தவை வாக்குவம் கிளீனர் மோட்டார்கள்! 1938இல் இங்கிலாந்தின் மோரிஸ் கார் கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபு, பலகையில் செய்த மலிவுப் பெட்டிகளைத் தன் தொழிற்சாலையிலேயே செய்து, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் கேட்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் இலவசமாகத் தருவதாக அறிவித்தார்.

தொண்டையில் எதையும் நுழைக்காத மூச்சு உதவி என்று பார்த்தால், பெரிய அளவில் பயன்பட்ட முதல் கருவி இந்த இரும்புப் பெட்டிதான். ஆனால் அது போலியோவுக்கானது. போலியோவில் நுரையீரல் நன்றாக இருக்கும், அதை இயக்கும் தசைதான் செயலிழந்து போகும். நிமோனியாவில் நேர் எதிர். தசை உயிரைக் கொடுத்து வேலை செய்யும், நுரையீரல்தான் நிரம்பிக் கிடக்கும். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாக வரும்.

1952 கோபன்ஹேகன்

டென்மார்க் தலைநகரில் 1952இல் போலியோ பேயாட்டம் ஆடியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் கட்டும் 6 கவசக் கருவிகளும்தான். முதல் மூன்று வாரத்தில் இந்தக் கருவிகளில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அப்போது பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், கழுத்தில் துளை போட்டு, குழாய் விட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தலாம் என்றார். அமுக்க ஆள்? மருத்துவ மாணவர்கள். ஷிஃப்ட் போட்டு இரவு பகலாகச் சுமார் 1500 மாணவர்கள் மாதக்கணக்கில் அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

நம் வயசுப் பிள்ளைகள்! படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்றைய ஐ.சி.யூ.வும் வென்டிலேட்டரும் அங்கிருந்து வளர்ந்தவைதான். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. டியூப் போட்டால் பெரும்பாலும் மயக்கத்தில் வைக்க வேண்டும். சரியாக இரும முடியாது. டியூப் வழியாகவே புதுக் கிருமி போய், வென்டிலேட்டரால் வரும் நிமோனியா என்று ஒரு புது நோயே பிறந்தது. அதனால் டியூப் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுபடியும் வாக்குவம் கிளீனர்

1936இல் லண்டனில் பூல்டன் என்ற மருத்துவர், வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தை மாஸ்க்கோடு இணைத்து, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு அழுத்தத்துடன் காற்று கொடுத்தார். 1971இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரிகரி, குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு விடும்போதும் நுரையீரல் முழுசாகச் சுருங்கிவிடாதபடி தொடர்ந்து ஓர் அழுத்தம் கொடுத்துக் காப்பாற்றினார். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், தூக்கத்தில் மூச்சு அடைப்பவர்களுக்கு மூக்கு மாஸ்க் செய்தார். அவரும் முதலில் எடுத்தது வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான்! வீடு கூட்டுகிற மெஷினுக்கு மருத்துவ உலகம் ஒரு சிலை வைக்கலாம்.

இந்தத் தொடர் அழுத்தத்துக்குப் பெயர் சிபாப். பலூன் ஊதிப் பாருங்கள். முதல் ஊதுதான் கஷ்டம். கொஞ்சம் விரிந்துவிட்டால் பிறகு சுலபம். நுரையீரலின் காற்றுப்பைகளும் அப்படித்தான். மூச்சு விடும்போது அவை முழுசாக மூடிவிடாமல் சிபாப் தாங்கிப் பிடிக்கும். பைபாப் என்பது இரண்டு அழுத்தம். இழுக்கும்போது அதிகமாகவும், விடும்போது குறைவாகவும் கொடுக்கும். மூச்சு இழுக்கும் உழைப்பில் அது ஒரு பங்கைத் தன் தோளில் வாங்கிக்கொள்ளும்.

1995இல் பிரான்ஸின் லோரான் புரோஷார் குழு வெளியிட்ட ஆய்வு பெரிய திருப்பம். பல வருஷம் சிகரெட், புகை என்று நுரையீரல் கெட்டுப்போன 85 பேர். மாஸ்க் மூலம் உதவி பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு டியூப் தேவைப்பட்டது. வழக்கமான சிகிச்சையில் 74 சதவீதம். இறப்பு 9 சதவீதம், 29 சதவீதம். இதயத்தால் நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கும் மாஸ்க் நல்ல பலன் தருகிறது என்பதை, நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ஜான் விக்டர் பீட்டர் முதல் ஆசிரியராக இருந்து, 23 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் லான்செட் இதழில் காட்டினார்.

சரி, அங்கே ஜெயித்தது நிமோனியாவிலும் ஜெயிக்குமா?

நிமோனியா ஏன் தனி ரகம்

நிமோனியாவில் காற்றுப்பைகளுக்குள் சீழும் நீரும் நிரம்பிவிடும். நீர் கோத்தவருக்கு மருந்து கொடுத்தால் பல நேரம் சில மணி நேரத்தில் நீர் இறங்கும். நிமோனியா இறங்க நாட்கள் ஆகும். அத்தனை நாள் இறுக்கமான மாஸ்க்கோடு எப்படி இருப்பது? சளியைத் துப்ப மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அழுத்தம் போகும். சாப்பிட முடியாது, பேச முடியாது, மூக்குத் தண்டில் புண் வரும்.

இன்னொன்றும் உண்டு. காற்றுப் பசியில் இருக்கும் நோயாளி தானே ஆவேசமாக இழுப்பார். மெஷினும் சேர்ந்து தள்ளினால் மிச்சமிருக்கும் நல்ல காற்றுப்பைகள் மட்டும் அளவுக்கு மீறி விரிந்து சேதமாகும். பாருங்கள், லெராய் திரும்பி வந்துவிட்டார்.

ஆய்வுகளும் இரண்டு பக்கமும் பேசின. 1999இல் இத்தாலியில் கான்ஃபலோனியேரி குழு, கடுமையான நிமோனியாவோடு வந்த 56 பேரிடம் சோதித்தது. மாஸ்க் பக்கம் டியூப் தேவை 21 சதவீதம், மற்றப் பக்கம் 50. ஆஹா என்று தோன்றும். ஆனால் இரண்டு மாத உயிர்பிழைப்பில் பலன் தெரிந்தது ஏற்கனவே நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தவர்களிடம்தான். 2000இல் டெல்க்ளோ குழு 123 பேரிடம் சிபாப்பைச் சோதித்தது. முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாக ஏறியது. எல்லாருக்கும் சந்தோஷம். கடைசிக் கணக்கில் டியூபும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை, பாதகமான சம்பவங்கள்தான் கூடுதல்.

கம்பெனியின் விற்பனை ஏறிக்கொண்டே போகும், லாபம் மட்டும் வராது என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. மானிட்டரில் எண் ஏறுவது வேறு, ஆள் பிழைப்பது வேறு.

மூக்குக் குழாய் வந்த கதை

பெரியம்மா சொல்லும் மெஷினுக்கு இப்போது வருவோம். சாதாரண மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 5 அல்லது 6 லிட்டருக்கு மேல் விட்டால் மூக்கு காய்ந்து எரியும். ஆனால் மூச்சு வாங்குகிறவர் இழுக்கும் வேகம் 30 லிட்டருக்கும் மேல். மிச்சத்தை வெளிக்காற்று நிரப்பும், ஆக்சிஜன் நீர்த்துப் போகும்.

காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஈரமாக்கிவிட்டால்? நிமிடத்துக்கு 60 லிட்டர் வரைக்கும் மூக்கு தாங்கும். இந்த ஈரமூட்டும் தொழிலில் முன்னோடி நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பைக்கல். 1970 வாக்கில் அவர்கள் செய்த முதல் மாதிரி, பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடியில் ஆனது! பின்னாளில் வந்த ஹைஃப்ளோவுக்கு ஆதாரம் இந்த ஈரமூட்டும் வித்தைதான். இதில் நோயாளி பேசலாம், தண்ணீர் குடிக்கலாம், இருமலாம். தொண்டைப் பகுதியில் தேங்கும் கெட்ட காற்றை அந்த வேகம் கழுவித் தள்ளும். அழுத்தமும் கிடைக்கும், ஆனால் கொஞ்சம்தான்.

2015இல் ஜான் பியேர் ஃப்ராட் குழு பிரான்ஸ், பெல்ஜியத்தில் 23 ஐ.சி.யூ.க்களில் 310 பேரிடம் மூன்று முறைகளையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பெரும்பாலானோருக்கு நிமோனியா. டியூப் தேவைப்பட்டவர்கள்: ஹைஃப்ளோவில் 38 சதவீதம், சாதாரண ஆக்சிஜனில் 47, மாஸ்க் மெஷினில் 50. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். ஆனால் 90 நாளில் இறந்தவர்கள் 12, 23, 28 சதவீதம். ஹைஃப்ளோ ஒரே நாளில் ஹீரோ ஆனது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியம்மா சொன்னது சரிதானோ? அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016இல் சிகாகோவில் 83 பேரிடம் ஒரு சோதனை. முகத்தில் இறுக்கும் மாஸ்க்குக்குப் பதில், விண்வெளி வீரர் மாதிரி தலை முழுக்க மூடும் ஹெல்மெட். டியூப் தேவை மாஸ்க்கில் 61.5 சதவீதம், ஹெல்மெட்டில் 18.2. அப்படியானால் தோற்றது அழுத்தமா, இல்லை அதைக் கொடுத்த மாஸ்க்கா? கேள்வி மறுபடி திறந்துகொண்டது. அந்தச் சமயத்தில்தான் கொரோனா வந்தது.

2020, 2021

ஆரம்பத்தில் உலகம் முழுக்க ஒரு பயம். மாஸ்க், ஹைஃப்ளோ எல்லாம் கிருமியை அறை முழுக்கப் பரப்பும், அதனால் சீக்கிரமே டியூப் போட்டுவிடு என்றார்கள். வென்டிலேட்டர் போதவில்லை. டியூப் போட்டவர்களில் பலர் திரும்பவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, விழிப்போடு இருக்கும் நோயாளியை டியூப் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் வழிக்கு வந்தார்கள். இத்தாலியில் ஹெல்மெட் வரிசைகள். பிரெஷியாவில் ஒரு சிறிய நிறுவனம், கடலில் நீந்த விற்கும் டெக்கத்லான் முகமூடியை மூச்சுக் கருவியாக மாற்றியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆட்களும் மெர்சிடிஸ் கார்ப் பந்தய எஞ்சினியர்களும் சேர்ந்து பழைய சிபாப் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, 100 மணி நேரத்துக்குள் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். 10,000 கருவிகள் போயின. டிசைனையும் இலவசமாக வெளியிட்டார்கள்.

தமிழ்நாட்டில் முதல் நோயாளி 2020 மார்ச் 7இல். அந்த வருஷம் நடுவிலேயே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஹைஃப்ளோ மெஷின்கள் வர ஆரம்பித்தன. முதல் அலையை ஒரு மாதிரி தாண்டினோம். இரண்டாம் அலையில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அப்போது பற்றாக்குறை மெஷினில் மட்டும் இல்லை. ஆக்சிஜனே இல்லை.

மே 4 இரவு செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் சில மணி நேரத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆக்சிஜன் போதாததே காரணம் என்றார்கள் உறவினர்கள், இல்லை என்றது நிர்வாகம். தூத்துக்குடியில் மூடிக்கிடந்த ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க ஏப்ரல் கடைசியில் அனுமதி கிடைத்தது. நாளொன்றுக்கு 220 டன்னாக இருந்த மாநில ஒதுக்கீடு மே மாதம் 419 டன் ஆனது. மே 14 அன்று துர்காபூரிலிருந்து ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்தது.

காஸ்டிங் கணக்கு

இங்கேதான் ஒரு பி.காம் மாணவனுக்கு வேலை. மெஷின்களை ஒப்பிடும் பலர் விட்டுவிடும் ஒரு கணக்கு இது.

ஆஸ்பத்திரியில் பார்க்கும் பெரிய ஜம்போ சிலிண்டரில் சுமார் 7000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் மூக்குக் குழாய் என்றால் 23 மணி நேரத்துக்கு மேல் வரும்.
பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் என்றால் 7 மணி 46 நிமிடம்.
ஹைஃப்ளோவில் 60 லிட்டர், அதுவும் முழு ஆக்சிஜன் என்றால் 2 மணி நேரத்துக்குள் காலி!

அதாவது ஹைஃப்ளோவை முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 86,400 லிட்டர், 12 சிலிண்டருக்கு மேல். வெளிக்காற்று கலந்து 60 சதவீத ஆக்சிஜனாகக் கொடுத்தால் பாதி போதும். அப்போதும் 6 சிலிண்டர். ஒரு ஹைஃப்ளோ ஓடும் ஆக்சிஜனில் 15 லிட்டர் மாஸ்க் 4 பேருக்கு, 5 லிட்டர் குழாய் 12 பேருக்கு. எங்கள் பாடத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. அந்த வார்டில் அது யார் பிழைப்பது என்ற கேள்வி.

ஹெல்மெட் மட்டும் சிக்கனமா? அதுவும் கெட்ட காற்றைக் கழுவ நிறையக் காற்றோட்டம் கேட்கும். சொந்தமாகக் காற்றை உறிஞ்சி அழுத்தம் கொடுக்கும் மாஸ்க் மெஷின், ஒழுகாமல் பொருந்தினால், குறைந்த ஆக்சிஜனில் ஓடும். வீடுகளுக்கு வாங்கிய கான்சன்ட்ரேட்டர் 5 அல்லது 10 லிட்டர்தான் தரும். அதை வைத்து 60 லிட்டர் ஹைஃப்ளோ ஓட்டும் பேச்சே கிடையாது.

அதனால் ஆக்சிஜனை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஓர் ஆஸ்பத்திரி, ஒருவருக்கு ஹைஃப்ளோவும் இன்னொருவருக்கு மாஸ்க்கும் கொடுத்திருந்தால், அதில் ஓரவஞ்சனை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கொரோனா சொன்ன தீர்ப்பு

கொரோனா ஒரு கொடுமையான உதவி செய்தது. ஒரே மாதிரி நிமோனியா லட்சக்கணக்கில் வந்ததால் பெரிய சோதனைகள் நடத்த முடிந்தது.

பிரிட்டனில் 1273 பேரிடம் நடந்த ரிகவரி ஆர்.எஸ். சோதனையின் முடிவு 2022 ஜனவரியில் வெளியானது. 30 நாளுக்குள் டியூப் அல்லது மரணம் என்ற கணக்கு: சிபாப்பில் 36.3 சதவீதம், அதோடு ஒப்பிட்ட சாதாரண ஆக்சிஜனில் 44.4. ஹைஃப்ளோவில் 44.3, அதோடு ஒப்பிட்டவர்களில் 45.1. ஹீரோ இங்கே எடுபடவில்லை. மாஸ்க் டியூபைக் குறைத்தது. ஆனால் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் அங்கும் தெளிவான வித்தியாசம் இல்லை.

நம் நாட்டிலேயே டெல்லி எய்ம்ஸில் 109 பேரிடம் ஹைஃப்ளோவையும் மாஸ்க் மெஷினையும் நேரடியாக ஒப்பிட்டார்கள். 48 மணி நேரத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஏழாம் நாளில் டியூப் போட்டவர்கள் மாஸ்க்கில் சுமார் 27 சதவீதம், ஹைஃப்ளோவில் 46. இறப்பில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இத்தாலியில் 109 பேரிடம் ஹெல்மெட் டியூபைக் குறைத்தது (30க்கு 51 சதவீதம்). சவூதி தலைமையில் 320 பேரிடம் ஹெல்மெட் இறப்பைக் குறைக்கவில்லை (27க்கு 26). கொலம்பியாவில் ஹைஃப்ளோ சாதாரண ஆக்சிஜனை ஜெயித்தது (டியூப் 34க்கு 51). பிரான்ஸில் 711 பேரிடம் இறப்பு 10, 11 என்று கிட்டத்தட்ட சமம். கடைசியாக பிரேசிலில் 33 ஆஸ்பத்திரிகளில் 1766 பேரிடம் நடந்த ரெனோவேட் சோதனை 2024இல் வந்தது. ஏழு நாளுக்குள் டியூப் அல்லது மரணம்: ஹைஃப்ளோ 39 சதவீதம், மாஸ்க் 38. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைத் தவிர மற்ற நான்கு பிரிவினருக்கும் ஹைஃப்ளோ மாஸ்க்கை விட மோசமில்லை என்று சொல்ல முடிந்தது. அவ்வளவுதான்.

இத்தனை மோதலுக்குப் பிறகும் கோப்பையைத் தூக்கியது யாரும் இல்லை. ஆனால் எல்லாச் சோதனையிலும் ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிந்தது. மெஷின் எதுவானாலும், அது வேலை செய்யவில்லை என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் பெரிய விஷயம். எண் நன்றாக இருக்கிறதே என்று நம்பிக் காத்திருந்து, நோயாளி களைத்து விழுந்த பிறகு டியூப் போடுவதுதான் ஆபத்து.

இதற்கு ஸ்பெயினின் ஓரியோல் ரோகா குழு 2019இல் நிமோனியா நோயாளிகளிடம் சோதித்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சேச்சுரேஷனை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்து, அதை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதால் வகுக்க வேண்டும். ஹைஃப்ளோவில் இது 4.88 அல்லது அதற்கு மேல் இருந்தால் நம்பிக்கை அதிகம். சேச்சுரேஷன் 92, ஆக்சிஜன் 60 சதவீதம், மூச்சு 30 என்றால் 5.1. அதே 92தான், ஆனால் ஆக்சிஜன் 80 சதவீதம், மூச்சு 34 என்றால் 3.4. வெளியே நிற்கும் நமக்கு நர்ஸ் சொல்வது "92 இருக்கு" என்பது மட்டும்தான். இரண்டு 92க்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்! இந்தக் கணக்குப் போட மெஷின் வேண்டாம். பக்கத்தில் நின்று மூச்சை எண்ண ஓர் ஆள் வேண்டும். 1952இல் கோபன்ஹேகனில் ஜெயித்ததும் பாதி அதுதான், ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு மாணவன் உட்கார்ந்திருந்தான்.

2021 மே மாதத்தில் ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்த்தார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மாவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவும் வந்திருந்தார். பேச்சு எங்கோ சுற்றி அங்கேயே வந்தது. இந்த முறை நான் பதில் சொன்னேன். சதவீதமெல்லாம் சொல்லவில்லை.

"பெரியம்மா, அந்த மூக்குக் குழாய் மெஷினையும் பெரியப்பாவுக்குப் போட்ட மாஸ்க்கையும் ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. நம்ம டெல்லியிலயும் பார்த்திருக்காங்க. இது ஒசத்தி, அது மட்டம்னு யாராலயும் சொல்ல முடியல. பெரியப்பாவுக்குப் போட்டது மட்டமான மெஷின் இல்ல. அதைப் போட்டிருந்தா பிழைச்சிருப்பார்னு யாரும் சொல்ல முடியாது. அப்பா கேக்காம விட்டதால எதுவும் போயிடல."

முழு உண்மை அதுவா என்று எனக்குள்ளே ஒரு சின்ன உறுத்தல் உண்டு. 1766 பேரின் சராசரி ஒரு சைக்கிள் கடைக்காரரைப் பற்றி எதுவும் சொல்லாது. மாஸ்க்கைப் பிடுங்கிப் போடும் ஒருவருக்கு மூக்குக் குழாய் ஒத்துவந்திருக்கலாம். ஒத்துவராமல் டியூப் இன்னும் தாமதமாகி இருக்கலாம். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அப்பா மேல் தப்பில்லை என்பதை மட்டும் இத்தனை ஆய்வையும் படித்த பிறகு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாஸ்க் போட்டுக்கிட்டே என்கிட்ட ஏதோ சொன்னார், புரியவே இல்ல" என்றார். அப்பா இந்த முறை எழுந்து போகவில்லை.

கடை இப்போது வாடகைக்குப் போய்விட்டது. அந்தக் காற்றடிக்கும் பம்ப் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி யாரையாவது அரித்துக்கொண்டிருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். தப்பு இருந்தால் மருத்துவம் படிக்கும் புண்ணியவான்கள் திருத்துங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.